‘பரவாயில்லை’ என்பதற்கு எத்தனை புள்ளி?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“நீ செய்கிற வேலை என்னவென்று எங்களுக்கு விளங்கக்கூடிய மாதிரி ஒருக்கால் சொல்லு” என்று சங்கச் செயலாளர் கேட்டார். நியாயமான வேண்டுகோள். சுகாதாரப் பொருளியல் என்று சொன்னால், வைத்தியசாலையில் கணக்கு எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். வேறு சிலர் தங்கள் பிரஷர் குளிசையை எடுத்துக் காட்டி இது நல்லதோ என்று கேட்கிறார்கள். நான் வைத்தியர் அல்ல. இந்தக் கல்லூரியில் கணிதப் பிரிவில் படித்து, பிறகு புள்ளிவிபரவியல் கற்று, கடைசியில் நோயாளர் நிரப்பும் வினாக்கொத்துகளைக் கட்டி அழுகிறவள்.

எங்கள் காலத்துத் தேர்ச்சி அறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். பாடத்துக்கு ஒரு வரி, அதற்கு நேரே புள்ளி, கீழே வகுப்பாசிரியரின் கையொப்பம். நான் இன்று பேசவிருக்கும் வினாக்கொத்தும் ஒருவகைத் தேர்ச்சி அறிக்கைதான். ஐந்தே ஐந்து பாடம். ஒரு வித்தியாசம், இதில் புள்ளி போடுபவர் ஆசிரியர் அல்ல. மாணவியே தனக்குப் போட்டுக்கொள்கிறாள். வைத்தியரோ, தாதியோ, கூடவந்த மகளோ அந்தப் பேனாவைத் தொடக்கூடாது.

ஏன் இப்படி ஒன்று தேவைப்பட்டது? வைத்தியசாலைகள் நெடுங்காலமாக எண்ணி வந்தவை வேறு. எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள். தாய் சேய் மரணத்தைக் குறைத்த நாடு என்று எமது நாட்டுக்கு உலகில் நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தந்தது இந்த எண்ணிக்கைதான். ஆனால் முழங்கால் தேய்ந்து எவரும் இறப்பதில்லை. கண்ணில் புரை விழுந்தோ, காது மந்தமாகியோ, மனம் சோர்ந்து அறைக்குள் அடைந்துகிடந்தோ இறப்பவர்களும் அரிது. அவர்கள் மரணக் கணக்கிலே வரமாட்டார்கள். நாடு மூப்படைய மூப்படைய இப்படிப்பட்டவர்கள்தான் கூடுகிறார்கள். திறைசேரியில் இருக்கும் பணம் ஒன்று. அதை முழங்கால் சத்திரசிகிச்சைக்குக் கொடுப்பதா, சிறுநீரகக் குருதிச் சுத்திகரிப்புக்குக் கொடுப்பதா, புதிதாக வந்த புற்றுநோய் மருந்துக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வரும்போது, மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஏதாவது வேண்டும். ஒன்று ஆயுளைக் கூட்டுகிறது, இன்னொன்று இருக்கிற ஆயுளை வாழக்கூடியதாக்குகிறது. இரண்டையும் ஒப்பிடும் படிக்கல்லாக வந்ததுதான் ‘உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத்தரம்’ என்னும் அளவு.

இந்த அளவைக்கென வினாக்கொத்துகள் பல உண்டு. 36 வினாக்கள் கொண்ட எஸ்.எஃப்-36 அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில், மேசையை நகர்த்துவது, வக்யூம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் விளையாடுவது போன்ற நடுத்தர வேலைகளைச் செய்ய உங்கள் உடல் இடம் கொடுக்கிறதா என்று ஒரு வினா. எமது ஊரில் இதை அப்படியே கேட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் தனது வினாக்கொத்தை உருவாக்கியபோது ஒரு நாட்டில் இருந்துகொண்டு எழுதாமல் உலகெங்கும் 15 மையங்களில் மக்களிடம் கேட்டுக் கேட்டே எழுதியது. அவற்றில் ஒன்று சென்னை. ஆகவே அதன் பிறப்பிலேயே தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. அதன் சுருக்க வடிவில் 26 வினாக்கள்.

பொருளியலாளர்கள் அதிகம் கையாள்வது இவற்றையெல்லாம் விடச் சிறியது. ஈ.கியூ-5டி என்று பெயர். ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் 1987 இல் கூடி ஆரம்பித்த யூரோகோல் என்ற குழுவின் படைப்பு. ஐந்து பாடம் என்று சொன்னேனே, அவை இவை: நடமாட்டம், குளிப்பது, உடுப்பது போன்ற சொந்தக் காரியம், வழமையான வேலைகள், நோவு அல்லது உடற் சங்கடம், பதற்றம் அல்லது மனச்சோர்வு. முதலில் வந்த வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள். பிரச்சினை இல்லை என்றால் 1, ஓரளவு இருக்கிறது என்றால் 2, மிகக் கடுமை அல்லது முற்றாக ஏலாது என்றால் 3. ஐந்து விடைகளையும் வரிசையாக எழுதினால் ஓர் ஐந்திலக்க எண் வரும். 11111 என்றால் ஒரு குறையும் இல்லை. 33333 என்றால் படுத்த படுக்கை. இடையில் உள்ளவற்றையும் சேர்த்து மொத்தம் 243 நிலைகள். பின்னர் தட்டுகளை ஐந்தாக்கினார்கள். நிலைகள் 3,125 ஆயின. இரண்டு வடிவங்களும் இன்றைய நாளைப் பற்றியே கேட்கின்றன, போன மாதத்தைப் பற்றியல்ல. கடைசியில் வெப்பமானி போல ஒரு கோடு. அடியில் 0, உச்சியில் 100. உங்கள் உடல்நலம் இன்று எங்கே நிற்கிறது என்று அதில் ஒரு குறி இடவேண்டும்.

இந்த ஐந்திலக்க எண்ணை வைத்துக் கணக்குச் செய்ய முடியாது. 21222 க்கும் 21232 க்கும் எவ்வளவு தூரம்? அதைத் தீர்மானிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுகதேகிகளான பொதுமக்களிடம் போய் இப்படிக் கேட்டார்கள்: “இந்த நிலையில் நீங்கள் 10 ஆண்டுகள் இருக்கலாம். அல்லது பூரண சுகத்தோடு அதைவிடக் குறைந்த காலம் இருக்கலாம். எத்தனை ஆண்டென்றால் இரண்டும் உங்களுக்குச் சமம்?” ஒருவர் 6 ஆண்டு என்று சொன்னால் அந்த நிலையின் பெறுமதி 0.6. மரணம் 0, பூரண சுகம் 1. சில நிலைகளைக் கேட்டதும் “இப்படி இருப்பதைவிடச் சாகலாம்” என்று ஆட்கள் சொல்லிவிடுகிறார்கள். அவற்றுக்குப் பெறுமதி பூச்சியத்துக்கும் கீழே போகும்.

1993 இல் யோர்க் பல்கலைக்கழகத்தார் பிரித்தானியாவில் ஏறத்தாழ 3,000 பேரிடம் இவ்வாறு கேட்டுப் பெற்ற எண்கள் எங்கள் துறையில் வாய்ப்பாடு போல. இலங்கையரிடமே கேட்டுத் தயாரித்த பெறுமதிகளும் 2015 இல் வெளிவந்தன. இங்கு செய்யும் ஆய்வுக்கு அவற்றையே எடுக்கவேண்டும். இன்று நான் யோர்க் எண்களைச் சொல்வது அவை எனக்கு மனப்பாடம் என்பதால்தான். 21222 இன் பெறுமதி 0.620. நோவு மட்டும் ‘ஓரளவு’ என்பதிலிருந்து ‘மிகக் கடுமை’க்குப் போனால் 21232. அதன் பெறுமதி 0.088. ஒரேயொரு தட்டு மாறியதில் அரைவாசிக்கும் மேலே காணாமற் போய்விட்டது. ஏதாவதொரு பாடத்தில் மூன்றாம் தட்டைத் தொட்டாலே 0.269 மேலதிகமாகக் கழிபடும்படி அந்த வாய்ப்பாடு அமைந்திருக்கிறது. 33333 இன் பெறுமதி சயம் 0.594.

இந்தப் பெறுமதியை ஆண்டுகளால் பெருக்கினால் வருவதுதான் கியூ.ஏ.எல்.வை என்று நாங்கள் சொல்லும் அலகு. 0.620 பெறுமதியில் 10 ஆண்டு வாழ்ந்தால் 6.2 அலகு. 0.088 இல் அதே 10 ஆண்டு வாழ்ந்தால் 0.88. ஒரு சிகிச்சை ஒருவரைக் கீழிருந்து மேலே கொண்டுவந்தால் இலாபம் 5.32 அலகு. அந்தச் சிகிச்சைக்கு 10 இலட்சம் ரூபா செலவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஓர் அலகு ஏறத்தாழ 1 இலட்சத்து 88 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. எதிர்கால ஆண்டுகளுக்குக் கழிவு போடும் வழக்கமும் உண்டு, அதை இன்று விடுவோம். பிரித்தானியாவில் 1999 இல் தொடங்கிய நைஸ் என்ற நிறுவனம் பல ஆண்டுகளாக ஓர் அலகுக்கு 20,000 முதல் 30,000 பவுண் வரை என்ற எல்லையை வைத்துத்தான் எந்த மருந்தை அரசாங்கச் செலவில் கொடுப்பது என்று பரிந்துரைத்து வந்தது. ஆகவே இது வெறும் பல்கலைக்கழக விளையாட்டு அல்ல. ஒருவர் ஒரு கட்டத்தில் இடும் புள்ளடி, சுற்றிச் சுற்றி, யாருக்கோ சிகிச்சை கிடைக்குமா இல்லையா என்ற இடத்தில் போய் நிற்கும்.

இனி நான் சொல்லப்போவது என் அம்மாவைப் பற்றி. அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அவருடைய அனுமதியைப் பெற்றே சொல்கிறேன். “சொல்லு, ஆனா கூட்டிச் சொல்லாதை” என்பது நிபந்தனை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, வலது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று முடிவாயிற்று. அங்கே ஒரு குழு முழங்கால் நோயாளர்களிடம் இந்த வினாக்கொத்தைக் கொடுத்து ஆய்வு செய்துகொண்டிருந்தது. அந்த ஆய்வில் எனக்குப் பங்கில்லை. மகளாகக் கூடப் போயிருந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால், ஓர் இளம் பிள்ளை பக்கத்தில் இருந்து வினாக்களை வாசித்துக் கேட்டது. மிகவும் அன்பான பிள்ளை.

நடக்கிறதில் பிரச்சினை? “இல்லைப் பிள்ளை, நடந்துதானே வந்தனான்.” குளிக்க, உடுக்க? “அது நானே செய்வன்.” வழமையான வேலைகள்? “ஒரு பிரச்சினையும் இல்லை.” நோவு? “இருக்குத்தான். பரவாயில்லை.” பதற்றம், சோர்வு? அம்மா சிரித்தார். “எனக்கென்ன குறை?”

அந்தப் பிள்ளை 11121 என்று குறித்துக்கொண்டது. பெறுமதி 0.796. அம்மாவின் வயதுக்கு மிக நல்ல புள்ளி.

நான் பக்கத்துக் கதிரையில் இருந்து வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்பது விதி. வாசிப்பவர் வாசிக்கலாம், விளக்கம் சொல்லக்கூடாது, கூடவந்தவர் குறுக்கிடக்கூடாது என்று எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மனதுக்குள் மட்டும் எனது கணக்கைப் போட்டேன். நடமாட்டம் 2, சொந்தக் காரியம் 1, வேலைகள் 2, நோவு 3, மனம் 2. அதாவது 0.088.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டேன். “வழமையான வேலை ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொன்னீங்களே அம்மா. துருவலையில இருந்து தேங்காய் துருவி எவ்வளவு காலம்?” அம்மாவின் பதில்: “அதெல்லாம் நான் விட்டிட்டனே. செய்யாத வேலைக்கு என்ன பிரச்சினை?” அப்ப நோவு? “காலமை ரெண்டு பனடோல் போட்டிட்டுத்தானே வெளிக்கிட்டனான். அது இண்டைக்கு எப்பிடி எண்டுதானே கேட்டது?” இந்த இரண்டு பதிலிலும் பிழை பிடிக்க முடியாது. வினா எப்படிக் கேட்டதோ அப்படியே பதில் சொல்லியிருக்கிறார். மூன்றாவது பதில்தான் என்னைப் போட்டது. “அந்தப் பிள்ளை எவ்வளவு அன்பாக் கேட்டுது. அதுக்கு முன்னால ஏலாது, ஏலாது எண்டு சொன்னா அது கவலைப்படுமெல்லே.”

இந்தக் கல்லூரியில் நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். காலைப் பிரார்த்தனையில் வெயிலில் நின்று மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “தலை சுற்றுது மிஸ்” என்று சொல்லி இருந்துகொண்ட பிள்ளையைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே வினாக்கொத்தின் ஒரு பிரதியைக் கண்ணாடியோடும் பேனாவோடும் மேசையில் வைத்தேன். “நான் பார்க்கமாட்டன், நீங்களே நிரப்புங்கோ” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். “எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். பரீட்சை என்றே எடுத்துக்கொண்டார். கால்மணி நேரம் கழித்துத் தாளை மடித்துத் தந்தார்.

22232. நோவில் 3 வரும் என்று எனக்குத் தெரியும். மனத்தில் 2 என்பதும் நான் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது பாடத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சொந்தக் காரியத்துக்கு நான் 1 போட்டிருந்தேன். அம்மா 2 போட்டிருந்தார். குனிந்து கால் கழுவ முடியாமல் எத்தனையோ மாதமாக ஒரு தடியில் துணியைச் சுற்றிக் கால் தேய்த்து வந்திருக்கிறார். நான் அடுத்த அறையில் படுக்கிறவள். எனக்குத் தெரியாது.

கூடவிருப்பவர்கள் நோயாளருக்காகப் பதில் சொல்வது பற்றி எங்கள் துறையில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற நடமாட்டம் போன்றவற்றில் இருவரின் விடையும் ஓரளவு ஒத்துப்போகும். நோவிலும் மனத்திலும் ஒத்துப்போவது குறைவு. பெரும்பாலும் கூடவிருப்பவர் நோயாளரைவிட மோசமாகவே புள்ளி போடுவார். நான் இதைப் படிப்பிக்கிறவள். அப்படியிருந்தும் கண்ணுக்குத் தெரியவேண்டிய இடத்திலேயே பிழைவிட்டேன். ஆகவே ‘அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, மகளைக் கேளுங்கள்’ என்பது தீர்வல்ல. பேனா அம்மாவின் கையிலேதான் இருக்கவேண்டும். அதை எங்கே, எந்தச் சூழலில் கொடுக்கிறோம் என்பதைத்தான் மாற்றவேண்டும்.

22232 இன் பெறுமதி சயம் 0.016. அதாவது மரணத்தைவிட ஒரு மயிரிழை கீழே. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அந்த நேரத்தில் அம்மா மதியச் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிரித்தானியப் பொதுமக்கள் தாம் காணாத ஒரு நிலையைக் கற்பனை செய்து போட்ட விலை அது. அம்மா வெப்பமானிக் கோட்டில் போட்டிருந்தது 60. நோயோடு வாழ்கிறவர்கள் தமது நிலையை வெளியே நிற்பவர்களைவிட உயர்வாக மதிப்பிடுவது பல நோய்களில் கண்ட விஷயம். வீட்டில் இருந்தபடி குருதிச் சுத்திகரிப்புச் செய்தவர்களிடம் 1970களிலேயே கனடாவில் இதைக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் கொள்கை வகுப்பவர்கள் யாருடைய புள்ளியை எடுக்கவேண்டும்? பொதுப்பணம் ஆகவே பொதுமக்கள் புள்ளி என்பது ஒரு பக்கம். அனுபவிப்பவருக்கே தெரியும் என்பது மறுபக்கம். நோயாளியின் 60 ஐ எடுத்தால் அவருக்குச் சிகிச்சை அவசரமில்லை என்று வந்துவிடும். சமாளித்துப் பழகியதற்குத் தண்டனை கொடுத்த மாதிரி. அதனால் நான் பொதுமக்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் நிம்மதியாக அல்ல.

இன்னொன்று, சொற்கள். அம்மா அந்த ஐந்தாவது வினாவில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாராம். மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடமும் அதுதான். தமிழ்நாட்டில் ‘வருத்தம்’ என்றால் மனத்துயரம். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். “அவவுக்கு வருத்தம்” என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மனம் துயரப்பட்டால் நாங்கள் சொல்வது ‘கவலை’. அந்தச் சொல்லையே தமிழ்நாட்டில் வரப்போவதை நினைத்து அஞ்சுவதற்கும் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதற்கு ‘யோசனை’. “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்று நாங்கள் சொல்வதைச் சென்னைத் தமிழர் கேட்டால், சிந்திக்கவே வேண்டாம் என்கிறோம் என்று நினைப்பார். நோவுக்கு மட்டும் எங்களிடம் எத்தனை சொல்! உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு, எரிவு வேறு. கால் உளைகிற ஒருவரிடம் ‘வலி இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடும். பொய் சொல்லவில்லை. அவருக்கு உளைவுதான்.

அதனால்தான் நல்ல வினாக்கொத்துகளை மொழிபெயர்க்கும்போது இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, அவற்றை ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு, கடைசியில் சாதாரண ஆட்கள் சிலரை இருத்தி “இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன விளங்குகிறது?” என்று கேட்பார்கள். ஒரே மொழியானாலும் நாட்டுக்கு நாடு வேறு பதிப்பு வேண்டும் என்று யூரோகோல் குழு நினைப்பதும் இதனால்தான். என்னைக் கேட்டால், கடைசிப் படியில் யாழ்ப்பாணத்தாரை மட்டும் இருத்தினாலும் போதாது. மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கேட்கவேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் தங்கைமாரில் மொழிப்பாடம் படிப்பவர்கள் இருந்தால், உங்களுக்கும் வைத்தியசாலையில் வேலை இருக்கிறது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். வீட்டில் நிரப்பிய தாளை ஆய்வுக் குழுவிடம் கொடுக்க முடியாது. கோப்பில் இருப்பது 11121 தான். ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நோயாளியை ஒரு தனி மேசையில் இருத்துங்கள், தாளை அவர் கையிலேயே கொடுங்கள், கூடவந்தவர்களை வெளியே தேநீர் குடிக்க அனுப்புங்கள், வேறு வேறு பவரில் நாலைந்து வாசிப்புக் கண்ணாடி வாங்கிப் பெட்டியில் வையுங்கள் என்று. கோபிக்கவில்லை, அப்படியே செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிதான் அந்த ஆய்வின் மிக மலிவான, மிகப் பயனுள்ள உபகரணம் என்று பிறகு அவர்களில் ஒருவர் சொன்னார்.

சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்து அம்மா தனி மேசையில், பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியோடு, தன் கையால் நிரப்பினார். 21121. நடக்கிறபோது இன்னும் ஓரளவு சிரமம், ஓரளவு நோவு, மற்றதெல்லாம் நலம். பெறுமதி 0.727.

மாணவிகளே, கழித்துப் பாருங்கள். கோப்பின்படி சத்திரசிகிச்சைக்கு முன் 0.796. பின் 0.727. அறிவியலின் கண்ணில் அந்தச் சத்திரசிகிச்சை என் அம்மாவுக்குத் தீங்கு செய்திருக்கிறது. வீட்டுத் தாளின்படி சயம் 0.016 இலிருந்து 0.727. அந்த வாய்ப்பாட்டில் ஒரு மனுஷி இவ்வளவு தூரம் ஏறுவதை நான் அதிகம் கண்டதில்லை.

ஒருவரின் தாளில் வந்த பிழை பெரிதல்ல, ஆயிரம் பேரைச் சேர்த்தால் அடிபட்டுப் போகும் என்று நீங்கள் சொல்லலாம். ஒருவர் கூட்டிச் சொல்லி இன்னொருவர் குறைத்துச் சொன்னால் அடிபடும். எல்லோரும் ஒரே திசையில் குறைத்துச் சொன்னால் இலட்சம் பேரைச் சேர்த்தாலும் திருந்தாது. இங்கிலாந்தில் 2009 ஏப்ரலிலிருந்து இடுப்பு மூட்டு, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோரிடம் முன்னும் பின்னும் இந்த வினாக்கொத்தை நிரப்பக் கேட்டு வருகிறார்கள். இடுப்பு மூட்டுக்குச் சராசரியாக 0.4 க்கு மேலும், முழங்காலுக்கு 0.3 அளவிலும் ஏற்றம் காண்கிறார்கள். அதே முறையில் பார்த்த குடலிறக்கச் சத்திரசிகிச்சையில் ஏற்றம் 0.1 க்கும் குறைவு. அந்த எண்களை வைத்துக்கொண்டு அங்கே ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் தனக்கு இன்னும் பணம் வேண்டும் என்று வாதாடலாம். எமது அம்மாமார் எல்லோரும் முன்னாலே ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டால், எமது நிபுணரின் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயராக நிற்கும் யாரோ ஓர் அம்மாவுக்குத்தான் அதன் விலை.

கடைசியாக ஒன்று. இரண்டாம் முறை நிரப்பியபோது வெப்பமானிக் கோட்டில் அம்மா 75 போட்டிருந்தார். 60 இலிருந்து 75, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு 15 புள்ளிதானா என்று எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியிடம் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லி, “அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள்?” என்று கேட்பது. சுகமாகிய பிறகு ஆளின் அளவுகோலே மாறிவிடுகிறதா என்று அறியச் செய்வது. அம்மாவிடம் கேட்டேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“அப்பவோ? இருபது.”

“அப்ப ஏன் அறுபது எண்டு போட்டனீங்கள்?”

“அண்டைக்கு எனக்கு அது அறுபது எண்டுதானே தெரிஞ்சுது.”

அந்த இரண்டு தாள்களும் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களில் எதைக் கணக்கில் எடுப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.